ஸ்டெல்லா பிரித்துப் பார்த்த கணக்கு

1

இந்த மாதத்தோடு நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் முடிந்தன. ஒவ்வோர் ஆண்டும் நான் வந்த நாளில் என் கணவர் மாசாய்க் கடைத்தெருவிலிருந்து ஒரு பாண்டான் கேக் வாங்கி வருவார். பச்சை நிறத்தில், பஞ்சு போல, இனிப்புக் குறைவாக இருக்கும். மூன்று பேரும் வெட்டித் தின்போம், அவ்வளவுதான் கொண்டாட்டம். இந்த முறை நான் கத்தியை எடுத்ததும் மகள் யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மா, கொஞ்சம் இருங்க. ஸ்டெல்லா அக்கா வந்துட்டு இருக்காங்க. அவங்க வந்தோன வெட்டலாம்."

நான் ஊரை விட்டு வந்த நாள் அது. அதைக் கொண்டாட என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லா வரவேண்டுமாம். கத்தியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடியும் கழுவினேன்.

இதற்கு முன்பு உங்களுக்கு எழுதிய குறிப்புகளில் இந்த ஊர் மழையைப் பற்றி எழுதியிருக்கிறேன். தைப்பூசத்தைப் பற்றியும், தங்காக் துணிக்கடைகளில் பேரம் பேசித் தோற்றதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். ஊரில் இருப்பவர்கள் படித்துவிட்டு, "நல்லா இருக்கே உன் வாழ்க்கை" என்று எழுதினார்கள். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளாக என்னைப் பிடித்து ஆட்டியது ஒரு பொறாமை. அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் பாதிதான் எழுதியதாகும்.

2

என் வேலை என்ன என்று கேட்டால் என் அம்மா "ஏதோ புகைக் கணக்கு" என்பார். அது ஏறக்குறைய சரிதான். ஜொகூர் பாருவில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில், வட்டாரங்களின் கரிம உமிழ்வைக் கணக்கிடும் பிரிவில் இருக்கிறேன்.

உமிழ்வு ஏறிவிட்டது என்று சொல்ல ஆள் வேண்டியதில்லை. ஏன் ஏறியது என்று பிரித்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். உங்கள் வீட்டு மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு கூடிவிட்டது. வீட்டில் ஆள் கூடிவிட்டார்களா? சம்பளம் ஏறி ஏசி வாங்கினீர்களா? மாமியார் தையலை விட்டுவிட்டு வீட்டிலேயே மாவரைத்து விற்கத் தொடங்கினாரா? ஃபிரிட்ஜ் பழசாகிவிட்டதா? இத்தனையும் ஒரே நேரத்தில் நடந்திருக்கும். ஒன்று மேலே இழுக்கும், இன்னொன்று கீழே இழுக்கும். எது எவ்வளவு இழுத்தது என்று பிரிப்பதுதான் என் தொழில். ஒரு வீட்டுக்குப் பதில் ஒரு மாநிலம், அவ்வளவே வித்தியாசம். மக்கள்தொகை, வருமானம், தொழில்களின் கலவை, ஒரு பொருளைச் செய்யச் செலவாகும் ஆற்றல், எரிக்கும் எரிபொருள் என்று ஐந்தாகப் பிரிப்போம். அதோடு வேலை முடியாது. முதல் பத்தாண்டில் முன்னால் நின்ற காரணம் அடுத்த பத்தாண்டில் பின்னுக்குப் போய்விடும். அந்த இடமாற்றத்தைக் காலம் காலமாகப் பிடித்துக் காட்டவேண்டும்.

இந்த வேலைக்கு நான் வந்ததற்கே ஒரு பொறாமைதான் காரணம் என்று சொல்லலாம். நான் தூத்துக்குடிக்காரி. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும். வடகம் காயப்போட்டால் அதன்மேல் சாம்பல் படியும். அப்படி இருந்தும், கடும் மின்வெட்டு இருந்த ஆண்டுகளில் எங்கள் தெருவில் நாளில் பாதி நேரம் மின்சாரம் கிடையாது. சென்னையில் சித்தி வீட்டில் மட்டும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். "எங்க ஊர்ல எரிக்கிறாங்க, உங்க ஊர்ல சுத்துதா?" என்று சித்தியிடம் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன். எரிவது ஓரிடம், அனுபவிப்பது வேறிடம் என்ற எரிச்சலில்தான் ஆற்றல் பொருளாதாரம் படிக்கப் போனேன்.

ஸ்டெல்லாவை வேலைக்கு எடுத்ததும் நான்தான். நேர்காணலுக்கு வந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. கோத்தா திங்கி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவள் தாத்தா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். அப்பா பாசிர் கூடாங்கில் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலைக்கு வந்து, மாசாய் அடுக்குமாடியில் குடியேறினார். கத்தோலிக்கக் குடும்பம். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவள். அறைக்குள் வந்ததும், "பசியாறிட்டீங்களா அக்கா?" என்று என்னைக் கேட்டாள். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று இங்கே அப்படித்தான் கேட்பார்கள். நேர்காணலுக்கு வந்தவள் நேர்காண்பவளைக் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துவிட்டேன். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. பிடித்ததனால்தான் பின்னால் அவ்வளவு எரிந்தது.

3

முதல் எரிச்சல் ஓர் அரசு அலுவலகத்தில் தொடங்கியது.

மாநிலத்தின் இருபதாண்டு உமிழ்வைப் பிரித்துக் காட்டும் அறிக்கை ஒன்று எங்களுக்குக் கிடைத்திருந்தது. அதற்குத் தொழில்வாரியான விவரம் வேண்டும்: இரும்புக்கு எவ்வளவு, ரசாயனத்துக்கு எவ்வளவு, பாமாயில் ஆலைகளுக்கு எவ்வளவு என்று. மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினேன், பிறகு அகராதியை வைத்துக்கொண்டு மலாயில் எழுதினேன். 'தங்கள் கடிதம் பெறப்பட்டது' என்று மட்டும் பதில் வரும். நேரிலும் போனேன். கவுண்டரில் இருந்தவரிடம் கரிம வெளியேற்றம் என்பதற்கு 'பெலெபாசான்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'பெலுபுசான்' என்று சொல்லிவிட்டேன். அதற்குக் குப்பை அகற்றுவது என்று பொருள். அவர் மிகுந்த மரியாதையோடு என்னைக் கழிவுப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். நானும் அங்கே வரிசையில் நின்று, என் முறை வந்த பிறகுதான் விஷயம் புரிந்து வெளியே வந்தேன்.

விவரம் கிடைக்காததால், தொழில்களைப் பிரிக்காமல் மொத்தமாக வைத்தே கணக்குப் போட்டேன். நடுவில் சில ஆண்டுகள் வரைபடத்தில் உமிழ்வுக் கோடு அழகாக இறங்கியது. ஒரு ரிங்கிட் மதிப்புள்ள பொருளைச் செய்யச் செலவாகும் ஆற்றல் குறைந்திருந்தது. தொழிற்சாலைகள் சிக்கனமாக மாறியதன் பலன் இது என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். அறிக்கையிலேயே நல்ல செய்தி அது ஒன்றுதான். எங்கள் மேலாளர் லிம்முக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஒருநாள் காலை ஸ்டெல்லா அந்த அலுவலகத்துக்குப் போய்வருகிறேன் என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு முன் திரும்பிவிட்டாள், முழு விவரத்தோடு.

"எப்படிக் குடுத்தாங்க?" என்றேன்.

"நீங்க எழுதுனது வேற பிரிவுக்கா. இது மாடில இருக்கு. அங்க இருக்க காக் நோர் எங்க பழைய ஃபிளாட்ல கீழ் வீடு. 'அலமாக், நீயா, எவ்ளோ பெருசா வளந்துட்டே'ன்னாங்க. கேட்டா யாருக்கும் குடுக்குற விவரந்தானாம். கேக்க வேண்டிய எடத்துல கேக்கணும், அவ்ளோதான் லா."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நானோ பல்லைக் கடித்துக்கொண்டேன். காக் என்றால் அக்கா. எனக்கு அந்தக் கட்டடத்தில் ஓர் அக்காவும் இல்லை.

4

வீட்டில் நடந்தது இதைவிட மோசம்.

யாழினிக்கு இப்போது பதினைந்து வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். அப்போதெல்லாம் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். தமிழில் தொடங்கினால் நான் திருத்துவேன். 'பாசார்' இல்லை, சந்தை. 'மோட்டோர்' இல்லை, வண்டி. 'வந்தோன' இல்லை, வந்தவுடன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் தமிழை என் முன்னால் பேசுவதையே நிறுத்திவிட்டாள். பள்ளியில் தமிழ்ப் பாடத்தையும் விட்டுவிடுகிறேன் என்றாள். பிள்ளைகள் கைவிட்டுப் போகும் கதையைப் புலம்பெயர்ந்த எல்லோரும் சொல்கிறோம், நமக்கும் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடிந்து போகிற வழியில் ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒருநாள் நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கூடத்தில் சிரிப்புச் சத்தம். வாசலிலேயே நின்றுவிட்டேன். என் மகள் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல்.

"அந்த டீச்சர் இருக்காங்களே கா, ரொம்ப காராங் லா, எப்பவும் கோவந்தான்! நான் பேசிட்டே இருக்கேன், சாப்பாட்டு நேரம் வந்துருச்சின்னு என்னைய அப்படியே விட்டுட்டுப் போய்ட்டாங்க!"

"நீ என்னா பண்ண?"

"நானும் பின்னாடியே போய் மீ கோரெங் வாங்கித் தின்னேன்!"

இருவரும் சோபாவில் சாய்ந்து சிரித்தார்கள். நான் பையோடு உள்ளே நுழைந்ததும் யாழினி நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹாய் மா, டு யூ நீட் ஹெல்ப்?" என்றாள்.

அன்று எனக்குப் புரிந்தது. அவள் தமிழைக் கைவிடவில்லை. என்னுடைய தமிழைத்தான் கைவிட்டிருக்கிறாள். பிறந்ததிலிருந்து நான் ஊட்ட முயன்றதை ஸ்டெல்லா சோபாவில் உட்கார்ந்து, ஒன்றையும் திருத்தாமல், காதுகொடுத்துக் கேட்டே வாங்கிவிட்டாள். இதை என் கணவரிடம் சொன்னபோது, "பொண்ணு தமிழ் பேசுறாளேன்னு சந்தோசப்படு" என்றார். சந்தோஷப்பட முயன்றேன். முடியவில்லை.

5

தொழில்வாரி விவரம் வந்த மறுவாரம் ஸ்டெல்லா என் மேசைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. லிம்கிட்ட இன்னும் காட்டல. மொதல்ல நீங்க பாருங்க."

நான் மொத்தமாக வைத்த கணக்கை அவள் தொழில் தொழிலாகப் பிரித்துப் போட்டிருந்தாள். அதில் என் அத்தியாயம் கரைந்துபோயிருந்தது. கோடு இறங்கிய ஆண்டுகளில் தொழிற்சாலைகள் சிக்கனமாக மாறவில்லை. மாநிலத்தில் மிஞ்சியிருந்த ஒவ்வோர் ஆலையும் முன்பு எரித்த அளவுக்கே எரித்துக்கொண்டிருந்தது. அதிகம் எரிக்கும் ஆலைகள் சில மூடிவிட்டுப் போய்விட்டன. அந்த இடத்தில் கடைகளும் கிடங்குகளும் அலுவலகங்களும் வந்திருந்தன. நான் சிக்கனம் என்று எழுதியது உண்மையில் இடமாற்றம். எங்கள் கணக்கில் குறைந்த புகை வேறொரு நாட்டின் கணக்கில் ஏறியிருக்கும். சில ஆண்டுகள் கழித்துக் கோடு மறுபடி ஏறியதற்கும் அதுவே விளக்கம் தந்தது. சிக்கனம் வந்திருந்தால் அது நிலைத்திருக்கும். கலவை மாறித்தான் இறங்கியது, கலவை மறுபடி மாறியதும் ஏறியது. கூலாய்ப் பக்கம் வரிசையாக எழும்பும் தரவு மையங்கள், இரவு பகலாக மின்சாரத்தை விழுங்கும் கணினிகள் நிறைந்த கட்டடங்கள், அந்த ஏற்றத்தின் புதிய காரணம்.

"தொழிலைப் பிரிக்கணும்னு எப்படித் தோணுச்சு?" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க கோடு நல்லா எறங்குதே, அந்த வருஷந்தான் எங்க அப்பாவுக்கு வேல போச்சு. ஃபேக்டரிய மூடிட்டாங்க. அவரு கூட்டாளிங்க எல்லாருக்கும் அதே வருஷம். நல்ல செய்தின்னு நீங்க எழுதிருந்தீங்க. எனக்கு அது ஒரு மாதிரியா இருந்துச்சு கா. அதான்."

வெட்கப்பட்டிருக்கவேண்டும். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். நான் அவளுடைய துக்கத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். ஒரு கோட்டைப் பார்த்தவுடன் அது எந்த ஆண்டு, அந்த ஆண்டில் வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிகிறது. தூத்துக்குடியின் கோடு என்றால் எனக்கும் தெரியும். எந்த வளைவு மின்வெட்டு, எந்த வளைவு காற்றாலை என்று விரல் வைத்துக் காட்டுவேன். இது என் ஊரின் கோடு இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூட இங்கே எனக்கு அப்படி மனப்பாடமாகவில்லை.

இரண்டு நாள் அவள் கணக்கில் ஓட்டை தேடினேன். ஓர் எண் விடாமல் சரிபார்த்தேன். ஓட்டை இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்கினேன். இல்லை.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. என் வேலை அனுமதி புதுப்பிக்க வரும்போதெல்லாம், இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காதது ஏன் என்று நிறுவனம் விளக்கவேண்டும். ஸ்டெல்லாவின் கணக்கே சரி என்றால் உள்ளூரிலேயே ஆள் இருக்கிறாள், அந்த விளக்கத்துக்கு அர்த்தமில்லை. கணவரின் வேலை அனுமதியை நம்பி இங்கே இருக்கலாம். ஆனால் அதை வைத்து வேலை பார்க்க முடியாது.

லிம்மின் அறையில் இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்தோம். அவர் என்னைத்தான் பார்த்தார். "நீதான் மூத்தவள். எதை அனுப்பலாம்?"

ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை அசைத்திருந்தால் அவள் எதிர்த்துப் பேசியிருக்கமாட்டாள். அது எனக்குத் தெரியும்.

"அவளுடையதுதான் சரி. என் அத்தியாயத்தை எடுத்துவிடலாம்," என்றேன்.

"அப்படியானால் மாநில அரசின் கூட்டத்தில் ஸ்டெல்லாவே பேசட்டும். மலாயிலும் பேசிவிடுவாள்," என்றார் லிம், ஒரு சிக்கல் தீர்ந்த நிம்மதியோடு.

6

அவள் பேசினாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அவள் சொன்ன ஒவ்வொரு மலாய்ச் சொல்லும் எனக்குப் புரிந்தது. அதில் ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. ஆலைகள் மூடிய ஆண்டுகளைக் காட்டும்போது அவள் அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இந்த இறக்கத்துக்கு நாம் பெருமைப்பட முடியாது" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பேச்சின் பலன் யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. சில மாதங்களில் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. ஜொகூரில் கெட்டிக்காரர்கள் பாலம் தாண்டிப் போவது புதிதில்லை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, ஆயிரக்கணக்கானவர்களோடு புகைக்குள் ஊர்ந்து, அக்கரையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவாள். அவளுடைய உழைப்பு அந்தக் கரையின் வருமானத்தில் சேரும், இக்கரையில் அவள் வண்டி விடும் புகை எங்கள் கணக்கில் சேரும். அந்தக் கணக்கையும் நான்தான் போடுகிறேன்.

பிரிவுத் தலைவர் பொறுப்பு அவளுக்குத்தான் என்றிருந்தது; அவள் போனதால் அது எனக்கு வந்தது. என் அனுமதியும் புதுப்பிக்கப்பட்டது. நான் வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். ஸ்டெல்லா வேண்டாம் என்று விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. யாழினி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "அக்கா இன்னும் மாசாய்லதான் இருப்பாங்க" என்று நான்தான் தேற்றவேண்டியிருந்தது.

7

இந்த ஆண்டின் தொடர் அறிக்கை தரவு மையங்களைப் பற்றியது. அதை மாநிலக் கூட்டத்தில் நானே மலாயில் பேசவேண்டும் என்று லிம் சொல்லிவிட்டார். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"சொல்லிக் குடுப்பியா?"

"அய்யோ, என்னாக்கா இது. வாங்க லா."

ஞாயிறு தோறும் எங்கள் கூடத்தில் பாடம் நடந்தது. நான் படித்தேன்; ஸ்டெல்லா கேட்டாள்; யாழினி சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டு என் உச்சரிப்பைத் திருத்தினாள். அப்படித் திருத்துவதில் அவளுக்கு இருந்த ஆனந்தம் கொஞ்சமில்லை. நான் பொறுத்துக்கொண்டேன்.

கேக் வெட்டிய சில நாள்களில், நேற்று முன்தினம் கூட்டம் நடந்தது. ஸ்டெல்லா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். யாழினிக்கும் பள்ளி விடுமுறை. இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மெதுவாகப் பேசினேன். இரண்டு இடங்களில் தடுக்கினேன். முடிந்ததும் ஓர் அதிகாரி எழுந்து, "அந்தக் கணினிகள் யாருக்கோ வேலை செய்கின்றன. புகை மட்டும் எங்கள் கணக்கிலா?" என்று கேட்டார். பயிற்சியில் இல்லாத கேள்வி. எரியும் இடத்தை வைத்து ஒரு கணக்கு, பயன்படுத்துபவரை வைத்து இன்னொரு கணக்கு, இரண்டையும் அறிக்கையில் கொடுத்திருக்கிறோம் என்றேன். முதல் கணக்கின்படி இந்த மாநிலம் குற்றவாளி போலத் தெரியும், இரண்டாவதன்படி ஏமாந்தது போலத் தெரியும், மையங்களுக்கு அனுமதி கொடுப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் இரண்டையும் பார்க்கவேண்டும் என்றேன். இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தேன். யாழினி ஓடி வந்தாள். வந்தவள் என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அம்மா எப்படிப் பேசுனாங்க?"

என்னைப் பெற்றவளிடமிருந்துகூட நான் அப்படி ஒரு தீர்ப்புக்குக் காத்திருந்ததில்லை. அந்த வெயிலில், அந்த வாகன நிறுத்தத்தில், என் மகளைப் போலவே நானும் ஸ்டெல்லாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு வந்திருந்தா நான் முழிச்சிருப்பேன் பாப்பா," என்றாள் ஸ்டெல்லா.

யாழினி திரும்பி என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாளாக அவள் ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை. அதையும் எனக்கு ஸ்டெல்லாதான் வாங்கிக் கொடுத்தாள் என்பது அப்போதே சுருக்கென்று உறைத்தது. உறைத்தாலும் வாங்கிக்கொண்டேன்.